ஏகமனதாக



இந்தக் கிழமை பொட்காஸ்டில், இணையத்தில் அரசாங்கம் நடத்தி விளையாடுற ஆட்களைப் பற்றிக் கதைத்தோம். "இது வேலை இல்லாதவங்கட வேலை" எண்டு கேட்டவர்களில் சிலர் நினைத்திருக்கலாம். எனக்கு அப்படித் தெரியவில்லை. நேரம் போதாமல் விட்ட மிச்சத்தை இங்கே எழுதுகிறேன்.

முதலில் விளையாட்டு. ரெடிட்டில் 2014இல் தொடங்கின 'மொடல் ஹவுஸ் ஒவ் கொமன்ஸ்' பிரித்தானிய நாடாளுமன்றத்தின் நகல். கட்சிகள் இருக்கு, சபாநாயகர் இருக்கிறார், தேர்தல் வரும். யாராவது ஒரு சட்டமூலம் எழுதிக்கொண்டு வந்தால் சில நாள் விவாதம் நடக்கும், திருத்தங்கள் வரும், பிறகு ஆம், இல்லை, நடுநிலை எண்டு வாக்கெடுப்பு. நேஷன்ஸ்டேட்ஸ் இன்னும் பழசு. அவுஸ்திரேலிய எழுத்தாளர் மேக்ஸ் பாரி தன்ர நாவலுக்கு விளம்பரமாக 2002இல் தொடங்கினது. ஒவ்வொருவருக்கும் ஒரு கற்பனை நாடு. அந்த நாடுகள் கூடித் தீர்மானம் போடுற சபைக்கு முதலில் 'ஐக்கிய நாடுகள்' எண்டே பெயர், உண்மையான ஐ.நா. ஆட்சேபித்ததால் 2008இல் 'உலக சபை' ஆக்கினார்கள். (இல்லாத நாடுகளுக்கு ஐ.நா. கடிதம் எழுதினதை நினைத்தால் எனக்கு இப்பவும் சிரிப்பு வரும்.) அங்கே நிறைவேறின தீர்மானத்தைத் திருத்த ஏலாது. முழுசாக நீக்கிவிட்டுப் புதிசாக எழுதவேணும். அதனால் வாக்கெடுப்புக்கு முன்னமே ஒவ்வொரு வசனத்தையும் எதிர்ப்பக்கம் பிரித்து மேய்ந்துவிடும்.

இதை விளையாடுற பதினாறு வயசுப் பிள்ளைக்கு முதல் மாதத்திலேயே ஒண்டு நடக்கும். மூன்று இரவு முழித்து எழுதின சட்டமூலம் சபையில் தோற்கும். அடுத்த நாளும் அதே ஆட்களோட, அதே சபையில் இருக்கவேணும்.

இப்ப எங்கட கூட்டங்களை நினைத்துப் பாருங்கோ. ஊர்ச் சங்கம், பழைய மாணவர் சங்கம், கோயில் நிர்வாகம். ஒருவர் முன்மொழிவார், இன்னொருவர் வழிமொழிவார், "ஏகமனதாகத் தெரிவுசெய்யப்பட்டார்" எண்டு அறிக்கையில் வரும். பிடிக்காதவர் கை தூக்கமாட்டார். வெளியில் வந்து ரீ குடிக்கும்போது சொல்லுவார். அடுத்த வருஷம் தனியாக ஒரு சங்கம் தொடங்குவார்.

அதிகாரமே இல்லாத சபையில் தோற்றால் என்ன, வென்றால் என்ன எண்டு கேட்பீர்கள். இதற்குப் பதில் லா சப்பலிலேயே ஒரு பெயர்ப்பலகையில் இருக்கு. மரக்கறி வாங்க, தலைமயிர் வெட்ட எண்டு நாங்கள் போய்வாற ரூ லூயி-பிளாங். அந்த மனுசன் யார் எண்டு பள்ளிக்கூடத்தில் படித்திருப்பீர்கள், பிறகு மறந்திருப்பீர்கள். 1848 பெப்ரவரிப் புரட்சிக்குப் பிறகு பாரிஸ் தொழிலாளர்கள் தங்களுக்கு ஒரு தொழில் அமைச்சு வேணும் எண்டு கேட்டார்கள். தற்காலிக அரசாங்கம் அமைச்சுக்குப் பதிலாக ஒரு ஆணைக்குழுவைக் கொடுத்து, லூயி பிளாங்கைத் தலைவராக்கியது. பட்ஜெட் இல்லை. சட்டம் போடுற அதிகாரமும் இல்லை. லுக்சம்பூர்க் மாளிகையில், அதுவரைக்கும் பிரபுக்கள் சபை இருந்த ஆசனங்களில் தொழிலாளர் பிரதிநிதிகள் போய் இருந்து விவாதித்தார்கள். பார்த்தவர்களுக்கு இதுவும் விளையாட்டு நாடாளுமன்றமாகத்தான் தெரிந்திருக்கும்.

ஆனால் முதல் அமர்வு நடந்த அடுத்த நாளே, மார்ச் 2ஆம் திகதி, அவர்கள் கேட்டது அரசாணையாக வந்தது: வேலைநாள் பாரிசில் 10 மணித்தியாலம், வெளி மாகாணங்களில் 11. அது நீடிக்கவில்லை, செப்டெம்பரில் 12 மணித்தியாலம் ஆக்கிவிட்டார்கள். அதற்கு முன்னமே, ஓகஸ்டில், லூயி பிளாங் இங்கிலாந்துக்கு ஓடவேண்டி வந்தது. திரும்பி வந்தது 1870இல். 22 வருஷம் அகதி. எங்கட ஆட்கள் கடை போட்டிருக்கிற தெருவுக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் கிடைத்திருக்காது.

எங்கட பக்கம் இதற்குக் கிட்டிய உதாரணம் நாடு கடந்த தமிழீழ அரசாங்கம். அதை நான் விளையாட்டு எண்டு சொல்லவில்லை. அதில் இருக்கிறவர்களும் அப்படி நினைக்கவில்லை, 2014இல் அதைத் தடைப்பட்டியலில் போட்ட இலங்கை அரசும் அப்படி நினைக்கவில்லை. ஆனால் பொறிமுறை ஒண்டுதான். நிலம் இல்லை, வரி இல்லை, பொலிஸ் இல்லை. உறுப்பினர், அமர்வு, தீர்மானம், வாக்கு மட்டும் இருக்கு. 2010 மே 2ஆம் திகதி புலம்பெயர் நாடுகளில் தேர்தல் வைத்தார்கள். திட்டமிட்ட 135 இடங்களில் 115 நேரடித் தேர்தலுக்கு. மே 17 முதல் 19 வரை பிலடெல்பியாவில், அமெரிக்க அரசியலமைப்புக்காகக் கட்டின நினைவு மையத்தில் முதல் அமர்வு. லண்டனிலும் ஜெனிவாவிலும் இருந்தவர்கள் வீடியோவில் இணைந்தார்கள். ஸூம் எங்கட வீடுகளுக்குள் வர அப்ப இன்னும் பத்து வருஷம் இருந்தது.

அதற்கு முந்தின கட்டம் வட்டுக்கோட்டைத் தீர்மானம் மீதான வாக்கெடுப்புகள். நோர்வேயில் 2009 மேயில் தொடங்கினது, பிரான்சுக்கு டிசம்பர் 12, 13ஆம் திகதிகளில் வந்தது. உங்களில் சிலரை அம்மா அப்பா கையில் பிடித்துக் கூட்டிக்கொண்டு போயிருப்பார்கள். ஒவ்வொரு நாட்டிலும் ஏறத்தாழ 99 வீதம் ஆம். அந்தத் தொகையில் எனக்குச் சந்தேகம் இல்லை. முள்ளிவாய்க்கால் முடிந்து ஏழு மாதம், கேள்வியும் ஒரேயொரு கேள்வி. செத்தவீட்டில் எழும்பின குரலை யாரும் எண்ணிப் பிரித்துப் பார்க்கமாட்டார்கள். ஆனால் 99 வீதத்தை வைத்துக்கொண்டு நாடாளுமன்றம் நடத்த ஏலாது. அரசியலமைப்பு எழுதவும் பிரதமரைத் தெரியவும் 2010 இலையுதிர்காலத்தில் நியூயோர்க்கில் கூடினபோது முரண்பாடு வெளியில் வந்தது; ஒரு பகுதி உறுப்பினர்கள் பிரிந்துபோனார்கள். யார் சரி எண்டு தீர்ப்புச் சொல்ல நான் வரவில்லை. எனக்கு அதில் தெரிந்தது ரீ குடிக்கும்போது கதைக்கிற அதே பழக்கம், பெரிய மண்டபத்தில்.

சரி, இதற்கு மென்பொருள் என்ன செய்யும்?

விவாதம் நடத்துறது லேசு. ஒரு டிஸ்கோர்ட் போதும். கஷ்டம் வாக்காளர் பட்டியல். விளையாட்டில் புனைபெயரோட வரலாம். உண்மையான தேர்தலில் ஒருவர் ரெண்டு தரம் போடாமல் பார்க்க, ஆள் யார் எண்டு கேட்கவேணும். கேட்ட உடனே ஒரு பட்டியல் பிறக்கும்: தமிழீழத் தேர்தலில் வாக்களித்த ஆட்களின் பெயர். கட்டுநாயக்கவில் இறங்கவேண்டிய ஒருவருக்கு, யாழ்ப்பாணத்தில் அம்மம்மா இருக்கிற ஒருவருக்கு, அந்தப் பட்டியல் எங்கே கிடக்குது எண்டது சின்னக் கேள்வி இல்லை. ஐரோப்பியத் தரவுச் சட்டமும் அரசியல் கருத்தை உடல்நலத் தகவலோட ஒரே பெட்டியில் வைத்துத்தான் காப்பாற்றுது.

அரசுகளே இதில் சறுக்கும். 2022 நாடாளுமன்றத் தேர்தலில் வெளிநாட்டில் வாழுற பிரெஞ்சுக்காரர் இணையத்தில் வாக்களித்தார்கள். லத்தீன் அமெரிக்கத் தொகுதியில் பலருக்கு வாக்களிக்கிற கடவுச்சொல் வந்து சேரவில்லை. 2023 ஜனவரியில் அரசியலமைப்பு மன்றம் அந்த முடிவையே ரத்துச்செய்தது.

நான் உங்களுக்குக் காட்ட நினைக்கிறது பெலேனியோஸ். நான்சியில் ஆராய்ச்சிக்காரர் எழுதின திறந்த மென்பொருள்; சின்னச் சங்கங்களும் பாவிக்கலாம். உங்கட வாக்கு உங்கட உலாவியிலேயே பூட்டப்பட்டுத்தான் வெளியில் போகும். கையில் ஒரு இலக்கம் கிடைக்கும். என்ர வாக்கு பெட்டிக்குள் கிடக்குதா எண்டு அதை வைத்துப் பார்க்கலாம். சாதாரணத் தேர்தலில் தனித்தனி வாக்கைத் திறக்காமலே மொத்தத்தை எண்ணும். வாக்கை எப்படிப் போட்டீர்கள் எண்டு சங்கத் தலைவருக்குத் தெரியாது, சேவர் நடத்துறவருக்கும் தெரியாது. ஒரு குறை இருக்கு: அப்பா பின்னால் நின்று திரையைப் பார்த்தால் எந்த மறைகுறியாக்கமும் உதவாது.

சங்கப் பொதுக்கூட்டம் உங்கட ஊருக்கும் வரும். செயலாளர் கணினி தெரிந்த பிள்ளையைத் தேடுவார், நீங்கள்தான் அகப்படுவீர்கள். ப்ரொஜெக்டரைப் பொருத்திவிட்டு, ரகசிய வாக்கெடுப்பு வைப்போம் மாமா எண்டு கேட்டுப் பாருங்கோ. முடிவைத் திறக்கிற சாவியை இந்த மென்பொருளில் பல பேருக்குப் பிரித்துக் கொடுக்கலாம். எல்லாரும் சேர்ந்தால்தான் பெட்டி திறக்கும். ஒரு துண்டு தலைவருக்கு, ஒண்டு போன வருஷம் பிரிந்துபோக வெளிக்கிட்டவருக்கு, ஒண்டு உங்களுக்கு.