மோட்டார் ஓடுது, தண்ணி எங்கே?



போன கோடையில் எங்கள் வீட்டு மோட்டார் எங்களைப் படாதபாடு படுத்தியது. திறந்த கிணறு; மேலே ஒரு குதிரைத்திறன் மோனோபிளாக். சில நாள் தொட்டி நிறையும். சில நாள் ஐந்தே நிமிடம் கொட்டிவிட்டு நின்றுவிடும். பார்க்க வந்தவர், "மோட்டாரே போச்சு, புதுசு வாங்குங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். அம்மா காதுத் தோட்டைக் கழற்றி அப்பா கையில் வைத்தார்கள்.

"ஒரு நாள் பொறுங்கப்பா" என்றேன். எங்கள் வீட்டில் முதன்முதலாகப் படிக்க வந்தவன் நான். சொன்ன பிறகுதான் பயம் வந்தது.

பம்ப் தண்ணீரை இழுக்கிறது என்கிறோம். உண்மையில் அது சக்சன் பைப்பில் அழுத்தத்தைக் குறைக்கிறது. வெளிக்காற்றுதான் கிணற்றுத் தண்ணீரை மேலே தள்ளுகிறது. காற்றின் அழுத்தம் தாங்குவது 10.3 மீட்டர் தண்ணீரைத்தான். நடைமுறையில் 6, 7 மீட்டருக்கு மேல் நம்ப முடியாது. சக்சன் பைப்பில் ஊசித்துளை இருந்தாலும் காற்று உள்ளே போய்விடும். தண்ணீர் வெளியே கசியாததால் கண்ணுக்குத் தெரியாது.

எப்போது நிற்கிறது என்று கவனித்தாலே பாதி வேலை முடிந்தது.

1. காலையில் போட்டால் வரவில்லை; தண்ணி ஊற்றிப் போட்டால் நிற்காமல் ஓடுகிறது. புட்வால்வில் குப்பை, அல்லது வாஷர் தேய்ந்திருக்கிறது.

2. நன்றாக ஓடி நிற்கிறது. கொஞ்ச நேரம் விட்டுப் போட்டால் மறுபடி வருகிறது. கிணற்றில் ஊற்றை விட இறைப்பு அதிகம்.

3. நுரையோடு துப்பித் துப்பி வருகிறது. எங்கோ காத்து பிடிக்குது.

எங்கள் மோட்டார் இரண்டாவது போலத் தெரிந்தது. கயிற்றில் கல் கட்டி அளந்தேன். தண்ணீர் நின்ற பிறகும் புட்வால்வுக்கு மேல் நான்கு அடி இருந்தது! அப்படியென்றால் கிணறு குற்றவாளி இல்லை. பைப் வாயில் கை வைத்துப் பார்த்தேன். நிற்பதற்கு முன் துப்பியது.

தண்ணீர் கொட்டும்போதே மோட்டாரை நிறுத்தினேன். டெலிவரி பைப்பில் நின்ற தண்ணீரின் எடையில் சக்சன் பிளேஞ்சு லேசாக வியர்த்தது. அங்கே ஈரக் களிமண்ணை அப்பிவிட்டு ஓட்டினேன், துப்பல் நின்றது. கேஸ்கட் வெடித்திருந்தது.

சரி, சில நாள் மட்டும் ஏன் நன்றாக ஓடியது? கிணற்று மட்டம் இறங்க இறங்க, பைப்புக்குள் அழுத்தமும் குறையும். அதே வெடிப்பு அதிகக் காற்றை விடும். மட்டம் உயர்ந்த நாளில் அது தெரியாமல் இருந்தது.

மெயினை அணைத்து, பீஸைப் பிடுங்கிய பிறகே கழற்றுங்கள். தண்ணீர் இல்லாமல் மோட்டாரை ஓட விடாதீர்கள், சீல் கருகிவிடும்.

கேஸ்கட்டுக்கு ஆன செலவில் அம்மா தோட்டின் திருகாணிகூட வாங்க முடியாது. தோடு காதிலேயே இருக்கிறது. அப்பா ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த வாரம் பக்கத்து வீட்டுக்காரரிடம், "எங்க பையனைக் கூப்பிட்டுப் பாருங்க" என்றார்.