சலசலக்கும் பந்து, சாய்ந்த சக்கரம்

சித்திரை பிறந்துவிட்டால் நன்னிலம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு மைதானத்துக்குப் பஞ்சமே இல்லை. உளுந்து பிடுங்கிய வயலில் மூன்று குச்சியை நட்டால் ஸ்டம்ப் தயார்! சரி, உங்கள் தெருவில் கண் தெரியாத ஒரு தம்பி இருக்கிறான், சக்கர நாற்காலியில் வரும் ஓர் அக்கா இருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர்களை வரப்போரம் உட்காரவைத்துவிட்டு ஆடப் போய்விடுவீர்களா? பந்து, சக்கரம், விதி இவற்றில் ஏதாவது ஒன்றைக் கொஞ்சம் மாற்றினால் அவர்களும் உங்கள் அணியில் ஆடலாம். எதை மாற்றுவது, எப்படி மாற்றுவது என்பதற்குக் கொஞ்சம் அறிவியல் வேண்டும். வாருங்கள், பார்ப்போம்.

காது பார்க்கும் பந்து

பார்வையற்றோர் கிரிக்கெட்டில் பந்து கெட்டிப் பிளாஸ்டிக்கால் ஆனது. உள்ளே சைக்கிள் பால்ரஸ் போன்ற சின்ன உலோகக் குண்டுகள் இருக்கும். பந்து உருளும்போது அவை சலசலக்கும். பந்து வீசுபவர் "ரெடி?" என்று கேட்பார். மட்டை பிடித்தவர் "யெஸ்" என்றதும் "ப்ளே" என்று குரல் கொடுத்துவிட்டு, கையைத் தாழ்த்தி வீசுவார். ஆடுகளத்தின் பாதியைத் தாண்டுவதற்குள் பந்து தரையில் பட்டாக வேண்டும். தரையில் பட்டு உருண்டு வந்தால்தானே சத்தம் தொடர்ந்து கேட்கும்? முழுக்கப் பார்வை இல்லாதவர் எடுக்கும் ஓட்டங்களை இரட்டிப்பாகக் கணக்கில் சேர்ப்பார்கள்.

சத்தத்தை வைத்துத் திசையை எப்படிக் கண்டுபிடிக்கிறோம்? ஒலி காற்றில் ஒரு நொடிக்கு ஏறக்குறைய 340 மீட்டர் போகும். நம் இரண்டு காதுகளுக்கும் நடுவே சுமார் 20 சென்டிமீட்டர்தான் இடைவெளி. வலப்பக்கத்துச் சத்தம் வலக் காதில் முதலில் விழும். இடக் காதில் ஒரு நொடியின் ஆயிரத்தில் ஒரு பங்கைவிடக் குறைந்த நேரம் பிந்தி விழும். தலை குறுக்கே மறைப்பதால் சத்தமும் அங்கே கொஞ்சம் குறையும். இந்தச் சின்ன வித்தியாசத்தை வைத்தே மூளை திசையைச் சொல்லிவிடுகிறது.

செய்து பாருங்கள்: ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் கொஞ்சம் புளியங்கொட்டை போட்டு மூடுங்கள். ஒருவர் கண்ணைக் கட்டிக்கொண்டு தலையை அசைக்காமல் நடுவில் உட்காரட்டும். மற்றவர்கள் சுற்றி நின்று, மாற்றி மாற்றி டப்பாவைக் குலுக்குங்கள். இடம், வலம் என்று பளிச்சென்று காட்டிவிடுவார். நேர் முன்னாலும் நேர் பின்னாலும் குலுக்கினால் தடுமாறுவார். அங்கிருந்து வரும் சத்தம் இரண்டு காதுக்கும் ஒரே நேரத்தில் போய்ச் சேர்வதே காரணம். தலையைக் கொஞ்சம் திருப்பச் சொல்லுங்கள், கண்டுபிடித்துவிடுவார்.

கோல்பால் என்றொரு விளையாட்டு உண்டு. இரண்டாம் உலகப் போரில் பார்வை இழந்த வீரர்களுக்காக 1946-இல் உருவானது. பந்தின் எடை 1.25 கிலோ, உள்ளே மணிகள். ஓரளவு பார்வை உள்ளவருக்குக் கூடுதல் லாபம் கிடைக்கக் கூடாது என்பதால் எல்லாரும் கண்ணை மூடிக் கட்டிக்கொள்வார்கள். கோட்டை எப்படித் தெரிந்துகொள்வது? தரையில் கயிற்றை வைத்து அதன்மேல் டேப்பை ஒட்டிவிடுவார்கள். கையால், காலால் தடவினால் கோடு தட்டுப்படும். ஆட்டம் நடக்கும்போது பார்க்க வந்தவர்கள் மூச்சுக் காட்டக் கூடாது. கோல் விழுந்த பிறகுதான் கைதட்டல்!

சாய்ந்த சக்கரத்தின் ரகசியம்

நம் ஊர்க் களிமண் காய்ந்தால் பாளம் பாளமாக வெடிக்கும். சாதாரணச் சக்கர நாற்காலியின் முன்பக்கக் குட்டிச் சக்கரம் அந்த வெடிப்புக்குள் இறங்கி நின்றுவிடும். பின்னால் உள்ள பெரிய சக்கரம் அதே வெடிப்பைச் சுலபமாகத் தாண்டும். ஈர மண்ணில் இன்னொரு தொல்லை: சக்கரம் புதையும். சேற்று வயலில் டயர் வைத்த அறுவடை மெஷின் மாட்டிக்கொள்ளும்போது பெல்ட் மெஷின் அறுத்துக்கொண்டே போவதைப் பார்த்திருக்கிறீர்கள்தானே? எடை அகலமான பரப்பில் பரவினால் அழுத்தம் குறையும். மண்ணில் ஓட அகலச் சக்கரம் வேண்டும். மெல்லிய சக்கரத்துக்கு வழவழப்பான தரை வேண்டும். கோடையில் நெல் காயாத நாளில் சும்மா கிடக்கும் சிமென்ட் களம் இதற்கு அருமையான இடம்.

கூடைப்பந்து ஆடும் சக்கர நாற்காலியைப் பார்த்தால் சக்கரங்கள் மேலே குறுகி, கீழே விரிந்து சாய்ந்திருக்கும். அடி அகலமாக இருப்பதால் வேகமாகத் திரும்பும்போது பக்கவாட்டில் கவிழாது. இரண்டு நாற்காலிகள் மோதினால் சக்கரங்களின் அடிப்பகுதிதான் முதலில் இடிக்கும். மேலே இருக்கும் விரல்கள் தப்பிக்கும். பின்னால் மல்லாந்து விழாமலிருக்க ஒரு குட்டிச் சக்கரமும் உண்டு. கூடையின் உயரம் மட்டும் மாறவில்லை: எல்லாருக்கும் உள்ள அதே 3.05 மீட்டர். இந்த ஆட்டத்தை நம் நாட்டில் பரப்ப, மாதவி லதா என்பவரின் முயற்சியால் 2014-இல் சென்னையில் ஒரு கூட்டமைப்பு தொடங்கியது.

யாரோடு யார்?

சேலம் மாவட்டம் பெரியவடகம்பட்டியைச் சேர்ந்த மாரியப்பன் தங்கவேலு, சிறு வயதில் வலது காலில் பேருந்து ஏறி அடிபட்டவர். 2016 ரியோ பாராலிம்பிக்கில் 1.89 மீட்டர் உயரம் தாண்டித் தங்கம் வென்றார். டோக்கியோவில் வெள்ளி, 2024 பாரிஸில் வெண்கலம். அதே பாரிஸில், கை அசைவில் குறைபாடு உள்ளவர்களுக்கான பேட்மிண்டனில் காஞ்சிபுரத்தின் துளசிமதி முருகேசன் வெள்ளியும், மனிஷா ராமதாஸ் வெண்கலமும் வாங்கினார்கள். ஒரே மாதிரிக் குறைபாடு உள்ளவர்களைத் தனித்தனிப் பிரிவாக்கிப் போட்டி நடத்துவதால் திறமைதான் வெற்றியைத் தீர்மானிக்கிறது.

குழு ஆட்டத்தில் பிரிவு பிரித்தால் ஆள் சேராதே? கூடைப்பந்துக்காரர்கள் அதற்கு ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். உடல் அசைவு மிகக் குறைந்தவருக்கு 1 புள்ளி, அதிகம் உள்ளவருக்கு 4.5. நடுவில் அரை அரைப் புள்ளியாக ஏறும். களத்தில் நிற்கும் ஐந்து பேரின் கூட்டுத்தொகை 14-ஐத் தாண்டக் கூடாது. 4.5 புள்ளிக்காரர் மூவரை இறக்கினாலே 13.5 ஆகிவிடும். மீதி அரைப் புள்ளிக்கு ஒருவர்கூட வர முடியாது! ஆகவே, 1 புள்ளிக்காரரை எந்தப் பயிற்சியாளரும் ஓரமாக உட்காரவைக்க மாட்டார். பலசாலிகளை இறக்க வேண்டுமென்றால் அவர் கட்டாயம் தேவை.

உங்களுக்கு ஒரு புதிர்: 4.5 புள்ளிக்காரர் இருவரை இறக்கிவிட்டீர்கள். மொத்தம் சரியாக 14 வர, மற்ற மூவரை எத்தனை விதமாகச் சேர்க்கலாம்? போட்டுப் பார்த்துவிட்டுக் கீழே படியுங்கள். பிறகு உங்கள் வயல் கிரிக்கெட்டுக்கும் இப்படி ஒரு புள்ளிக் கணக்கை, அந்தத் தம்பியையும் அக்காவையும் கூட வைத்துக்கொண்டு, நீங்களே உருவாக்குங்கள்.

விடை: 4 விதம். 3+1+1, 2.5+1.5+1, 2+2+1, 2+1.5+1.5.