மங்கும் வரைபடம்: குமாஸ்தா செய்ய வேண்டியது என்ன?

கண்ணப்பர் தம் கண்ணையே பெயர்த்து அப்பிய தலம் காளஹஸ்தி. அங்கே மாதக் கடைசியில் அறிக்கை தயாரிக்கும் குமாஸ்தாவின் கண்ணுக்கு வரும் சோதனை வேறு. விற்பனை, இருப்பு, நிலுவை ஆகியவற்றைக் காட்டும் அறிக்கையைக் கம்ப்யூட்டரிலிருந்து எக்ஸெல் தாளுக்கு மாற்றுகிறார். எண்கள் பளிச்சென்று வருகின்றன. கூடவே வரும் வரைபடம் மட்டும் மங்கிவிடுகிறது.

அச்சிட்டால் இன்னும் மோசம். 3 என்பது 8 போலத் தெரியும். நிலுவை 3 லட்சமா, 8 லட்சமா என்று மேனேஜர் கேட்டால் பதில் சொல்ல வேண்டியவர் குமாஸ்தாதான். "பார்த்துச் செய்யக் கூடாதா?" என்ற பேச்சும் அவருக்குத்தான். உண்மையில் தவறு அவருடையதல்ல.

கலம்காரி காட்டும் உண்மை

காரணம் புரிய ஊரிலேயே ஓர் உதாரணம் உண்டு. கலம்காரித் துணிகளில் மசூலிப்பட்டினத்துத் துணி மர அச்சால் பதிக்கப்படுவது. காளஹஸ்தித் துணியோ மூங்கில் பேனாவால் கோடு கோடாகக் கையால் வரையப்படுவது. அந்தப் பேனாவுக்குத்தான் 'கலம்' என்று பெயர். அதே படத்தை இரண்டு மடங்கு பெரிதாக வரையச் சொன்னாலும் கோடு தெளிவாகவே விழும். ஆனால் துணியைச் சிறிய புகைப்படமாக எடுத்துப் பெரிதாக்கினால் கோடுகள் கலைந்து மங்கிவிடும்.

கம்ப்யூட்டரிலும் இப்படித்தான். அறிக்கை தயாரிக்கும் புரோகிராம்கள் பலவும் வரைபடத்தை எக்ஸெலுக்கு அனுப்பும்போது புகைப்படம் போன்ற ஒரு படமாகவே அனுப்புகின்றன. மைக்ரோசாஃப்ட் ரிப்போர்ட்டிங் சர்வீசஸ் இதற்கு ஓர் உதாரணம். திரைக்கு அங்குலத்துக்கு 96 புள்ளிகள் என்பது பழைய கணக்கு. அதன்படி 6 அங்குலப் படத்தில் குறுக்கே 576 புள்ளிகளே இருக்கும். தெளிவாக அச்சாக அங்குலத்துக்கு 300 வீதம் 1,800 புள்ளிகள் தேவை. இல்லாத புள்ளிகளை இழுத்துப் பெரிதாக்கிப் பெற முடியாது.

போதாக்குறைக்கு, ஃபைல் பெருத்துவிடாமல் இருக்க, சேமிக்கும்போது எக்ஸெலும் படத்தைச் சுருக்கிவிடுவதுண்டு.

மூன்று வழிகள்

முதல் வழியே சிறந்த வழி. படத்தை விட்டுவிட்டு எண்களை மட்டும் எக்ஸெலுக்குக் கொண்டுவந்து, 'இன்சர்ட்' பகுதியிலுள்ள 'சார்ட்' மூலம் அங்கேயே வரைபடம் போடுவது. இது கலத்தால் வரைந்தது போல. எவ்வளவு பெரிதாக்கினாலும் மங்காது. ஓர் எண்ணைத் திருத்தினால் வரைபடமும் தானே திருந்தும். ஒருமுறை தயாரித்துவிட்டால் அடுத்த மாதம் எண்களை மட்டும் மாற்றினால் போதும்.

படமாகவே வேண்டும் என்றால் இரண்டாவது வழி. அறிக்கைப் புரோகிராமில் ஈ.எம்.எஃப். அல்லது எஸ்.வி.ஜி. என்ற கோட்டு வகை இருந்தால் அதைத் தேர்ந்தெடுக்கலாம். பழைய எக்ஸெல்களுக்கு எஸ்.வி.ஜி. தெரியாது. இரண்டும் இல்லாவிட்டால் 300 புள்ளிகள் வைத்து பி.என்.ஜி. வகையில் எடுக்கலாம். ஜேபெக் வேண்டாம், அது எழுத்துகளைச் சுற்றி அழுக்குப் போல் கறை விடும்.

மூன்றாவது, எக்ஸெல் சுருக்காமல் தடுப்பது. 'ஃபைல்', 'ஆப்ஷன்ஸ்', 'அட்வான்ஸ்டு' என்று போனால் 'இமேஜ் சைஸ் அண்ட் குவாலிட்டி' என்ற பகுதி இருக்கும். அதில் 'டூ நாட் கம்ப்ரஸ் இமேஜஸ் இன் ஃபைல்' என்ற கட்டத்தில் டிக் செய்ய வேண்டும். படத்தை வைப்பதற்கு முன்பே இதைச் செய்வது முக்கியம். சுருங்கிச் சேமித்த படத்துக்குப் போன தெளிவு திரும்பாது. புதிதாகத்தான் வைக்க வேண்டும். ஒவ்வொரு ஃபைலுக்கும் இதைத் தனித்தனியே செய்ய வேண்டும் என்பதையும் மறக்கக் கூடாது.

அறிக்கை மேனேஜரின் மேஜைக்குப் போகும் முன் ஒரு பக்கத்தை அச்சிட்டு, வரைபடத்திலுள்ள மிகச் சிறிய எண்ணை வாசித்துப் பார்ப்பது நல்லது. 3 என்பது 3 ஆகவே தெரிந்தால் குமாஸ்தா நிம்மதியாக வீட்டுக்குப் புறப்படலாம்.