பெட்டிக்குள் ஜப்பான்காரன் டாங்கி

பள்ளி விடுமுறை வந்துவிட்டால் வீட்டுக்குள் என்னென்ன நுழையும் என்று பெற்றோர்களாகிய உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பந்து வரும், பட்டம் வரும், இந்தக் காலத்தில் கைப்பேசியும் வரும். சில வீடுகளில் மட்டும், ஜொகூர் பாருவுக்கோ சிங்கப்பூருக்கோ போன மாமா வாங்கிக் கொடுத்தது என்று ஓர் அட்டைப் பெட்டி வந்து சேரும். மூடியின் மேலே புழுதி கிளப்பிக்கொண்டு பாய்ந்து வரும் டாங்கியின் வண்ணப்படம். திறந்து பார்த்தாலோ உள்ளே டாங்கி இல்லை! பிளாஸ்டிக் சட்டங்களில் காய்த்துத் தொங்குவது போல நூறு, இருநூறு சின்னச் சின்னத் துண்டுகள். "இதற்கா இவ்வளவு காசு?" என்று கேட்டிருப்பீர்கள். நியாயமான கேள்விதான்.

ஆனால் அந்தப் பெட்டியைக் கடைக்குத் திருப்பி அனுப்புமுன் சற்றுப் பொறுங்கள். அதற்குள் இருப்பது எங்கோ நடந்த சண்டை மட்டுமல்ல. நம் ஜொகூரின் தோட்டச் சாலைகளில் உருண்டோடிய வண்டியாகவும் அது இருக்கலாம்.

மாடல் பெட்டி என்று பிள்ளைகள் சொல்லும் இந்தப் பொருளில் முதலில் கவனிக்க வேண்டியது அளவு. பெட்டியின் மேல் 1/35 என்று போட்டிருந்தால், அசல் பொருளை முப்பத்தைந்தில் ஒரு பங்காகக் குறுக்கியிருக்கிறார்கள் என்று பொருள். டாங்கிகளுக்குப் பெரும்பாலும் இந்த அளவுதான். இந்த 35 எப்படி வந்தது தெரியுமா? ஜப்பானில் ஷிசுவோக்கா என்ற ஊரில் 1946-இல் மரக்கடையாகத் தொடங்கியது தமியா நிறுவனம். பிறகு மரத்தால் மாடல்கள் செய்தார்கள். 1960-இல் யமாத்தோ போர்க்கப்பலைப் பிளாஸ்டிக்கில் வெளியிட்டார்கள். அதன் பின்னர் ஜெர்மானியரின் பாந்தர் டாங்கியைச் செய்தபோது உள்ளே மோட்டாரும் பாட்டரியும் அடங்க வேண்டியிருந்தது. அவை அடங்கும்படி உடலைச் செய்து, பிறகு கணக்குப் போட்டுப் பார்த்தால் முப்பத்தைந்தில் ஒரு பங்கு! பாட்டரிக்காகப் பிறந்த அளவு, இன்று உலகம் முழுவதும் செல்லும் அளவு.

அடுத்தது, "புதுசு" என்ற சொல். இங்கேதான் நம் காசு போகும் இடம். ஒரு மாடலுக்கான இரும்பு அச்சை வெட்டப் பெரும்பணம் செலவாகும். வெட்டிவிட்டால் அது பல பத்தாண்டு உழைக்கும். ஆகவே பழைய அச்சிலேயே மறுபடி வார்த்து, புதிய படம் போட்ட பெட்டியில் வைத்து, புதிய வரவு என்று அனுப்புகிறார்கள். இங்கிலாந்தின் ஏர்ஃபிக்ஸ் நிறுவனம் 1981-இல் நொடித்துப் போய்க் கைமாறியது. 2006-இல் மறுபடி கைமாறி ஹார்ன்பி நிறுவனத்திடம் சேர்ந்தது. முதலாளிகள் மாறினார்களே தவிர அச்சுகள் செத்துப் போகவில்லை. அண்மை ஆண்டுகளில் தங்கள் பழைய அச்சுகளைப் பழைய பெட்டிப் படத்துடனேயே, பழையது என்று சொல்லியே விற்கிறார்கள். அது நேர்மை. எல்லாரும் அப்படிச் சொல்வதில்லை என்பதால், பெட்டிக்குள் இருக்கும் பிளாஸ்டிக் சட்டத்தின் ஓரத்தைப் பாருங்கள். பல மாடல்களில் அச்சு வெட்டிய ஆண்டு பொடி எழுத்தில் இருக்கும். பெட்டியில் புது ஆண்டும் சட்டத்தில் 1975-ம் இருந்தால் விஷயம் புரிந்துவிடும். பழையது என்பதால் மட்டமென்று நினைக்க வேண்டாம். துண்டுகள் குறைவாக இருக்கும், பத்து வயதுப் பிள்ளைக்கு அதுவே நல்லது.

எனக்கு வாய்த்ததும் அப்படி ஒரு பழைய அச்சுதான். 1983-ஆம் ஆண்டு, ஆண்டிறுதி விடுமுறை. நாங்கள் அப்போது மூவாருக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில், லயத்து வீட்டில் இருந்தோம். நான் பல மாதம் சேர்த்த காசில் தமியாவின் 97-ஆம் வகை ஜப்பானிய டாங்கியை வாங்கி வந்தேன். சீஹா என்று அதற்குப் பெயர். அசல் 15 டன், 57 மில்லிமீட்டர் பீரங்கி, உள்ளே நான்கு பேர். மாடலோ என் உள்ளங்கையை விடச் சற்று நீளம். நான்கு நாள் உட்கார்ந்து ஒட்டி, ஜன்னலில் காய வைத்திருந்தேன். வேலை முடிந்து வந்த பாட்டி அதைப் பார்த்துவிட்டார்.

"என்னடா இது, ஜப்பான்காரன் டாங்கியா?"

எனக்குப் பகீரென்றது. தூக்கி எறிந்துவிடுவாரோ என்று பயம். பாட்டி எறியவில்லை. கையில் எடுத்து, திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "மேலே தழை கட்டியிருப்பானே, நீ கட்டலியே" என்றார்.

பெட்டியில் வந்த விளக்கத்தாளில் அந்தத் தழை இல்லை.

பாட்டி அன்றைக்குச் சொன்னதைப் பிற்பாடு புத்தகங்களோடு ஒப்பிட்டுப் பார்த்தபோதுதான் நான் செய்த தவறு தெரிந்தது. 1942 ஜனவரி 18-ஆம் தேதி விடியற்காலை, மூவாரிலிருந்து பக்ரி வரும் சாலையில் ஜப்பானிய டாங்கிகள் வரிசையாக வந்தன. ஆஸ்திரேலியப் படையினர் சாலை வளைவில் இரண்டு பவுண்டர் பீரங்கிகளை மறைத்து வைத்துக் காத்திருந்தார்கள். எட்டு அல்லது ஒன்பது டாங்கிகள் அந்தச் சாலையிலேயே எரிந்து நின்றன. அந்தப் புகைப்படம் இன்றும் பல புத்தகங்களில் வருகிறது: இருபுறமும் மரங்கள், நடுவே செத்த யானைகள் போல டாங்கிகள். ஆனால் அவை சீஹா அல்ல, 95-ஆம் வகையான ஹாகோ. ஏழு டன்னுக்குச் சற்று மேல், 37 மில்லிமீட்டர் பீரங்கி, மூன்று பேர், இரும்புத் தகடு அதிகம் போனால் 12 மில்லிமீட்டர். பெரிய சீஹா டாங்கிகள் அதே ஜனவரி 7-ஆம் தேதி பேராக்கில் சிலிம் ஆற்றுப் பக்கம் பிரிட்டிஷ் அணிகளைச் சிதறடித்தவை. மலாயாவில் அன்று பிரிட்டிஷாரிடம் எதிர்த்து நிறுத்த ஒரு டாங்கிகூட இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும்.

ஆகவே உங்கள் பிள்ளை பக்ரிச் சாலையைச் செய்ய ஆசைப்பட்டால் ஹாகோவைக் கேட்கச் சொல்லுங்கள். ஹாங்காங்கின் டிராகன் நிறுவனம் 2014-வாக்கில் 1/35 அளவில் புதிய அச்சு வெட்டி வெளியிட்டது. ஜப்பானின் ஃபைன் மோல்ட்ஸ் நிறுவனமும் அதைச் செய்திருக்கிறது. கட்டி முடித்தால் பன்னிரண்டரை சென்டிமீட்டர் நீளம்தான். துண்டுகள் பொடி, பெரியவர் பக்கத்தில் இருக்க வேண்டும்.

பக்ரிச் சாலையில் நின்றவர்கள் ஆஸ்திரேலியர் மட்டுமல்ல. 45-ஆம் இந்தியப் பிரிகேட்டின் ஜாட், ராஜபுத்திர, கர்வால் படையினரும் நின்றார்கள். பாதிப் பயிற்சியோடு கப்பலேற்றப்பட்ட இளவட்டங்கள். பின்வாங்கும்போது பாரிட் சூலோங் பாலத்தருகே விட்டுச் செல்லப்பட்ட காயம்பட்ட ஆஸ்திரேலியரும் இந்தியரும் ஜனவரி 22-ஆம் தேதி கொல்லப்பட்டார்கள். அதற்காக ஜப்பானியத் தளபதி நிஷிமுரா 1951-இல் தூக்கிலிடப்பட்டார்.

கப்பல் பிரியம் உள்ள பிள்ளைகளுக்கு பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ் இருக்கிறது. 1941 டிசம்பர் 10-ஆம் தேதி ரிபல்ஸ் கப்பலோடு குவாந்தான் கடலில் மூழ்கியது. இரண்டிலுமாகச் சேர்ந்து மாண்டவர்கள் ஏறத்தாழ 840 பேர். தமியா இதை 1/350, 1/700 என இரண்டு அளவிலும் செய்தது. பெரியது 65 சென்டிமீட்டர், அலமாரியில் இடம் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். மாடல் பத்திரமாக இருக்கிறது, அசலுக்குத்தான் ஆபத்து. 2023 மே மாதம் சுவான் ஹோங் 68 என்ற சீனக் கப்பலை ஜொகூர் கிழக்குக் கடலில் நம் கடல்சார் அமலாக்கத்தினர் பிடித்தபோது, பழைய இரும்போடு பீரங்கிக் குண்டுகளும் இருந்தன. மூழ்கிக் கிடக்கும் அந்தப் போர்க்கப்பல்களை அறுத்து எடுத்ததாகச் சந்தேகம். ஆயிரம் பேரின் சமாதியைக் காயலான் கடைக்கு எடைபோடும் காலம் இது!

இனி, பெட்டிக்குள் வராதவற்றைச் சொல்கிறேன்.

பாட்டிக்கு ஓர் அண்ணன். 1943-இல் தோட்டத்தில் பெயர் எழுதி, மூன்று மாதத்தில் திரும்பலாம் என்று சொல்லிச் சயாமுக்கு ரயிலேற்றினார்கள். திரும்பவில்லை. உங்கள் குடும்பத்திலும் அப்படி ஒருவர் இருந்திருக்கக்கூடும், விசாரித்துப் பாருங்கள். 415 கிலோமீட்டர் சயாம் – பர்மா பாதைக்கு நம் தோட்டங்களிலிருந்து போன தமிழர்கள் பல்லாயிரம். டாங்கிக்கு அச்சு வெட்டினார்கள், விமானத்துக்கு வெட்டினார்கள், மண்வெட்டியும் கூடையுமாக நின்ற அந்த மனிதர்களை அச்சில் வார்த்த ஒரு பெட்டியை இத்தனை வருடத்தில் நான் எந்தக் கடையிலும் கண்டதில்லை.

ஆனால் அந்தப் பாதைக்கென அனுப்பிய ரயில் இஞ்சின் உண்டு. ஜப்பான் தன் சி-56 வகை இஞ்சின்கள் தொண்ணூற்றை மீட்டர் பாதைக்கு மாற்றிச் சயாம், பர்மா பக்கம் அனுப்பியது. அவற்றில் இரண்டு 1979-இல் ஜப்பானுக்குத் திரும்பின. ஒன்று தோக்கியோவில் யசுக்குனி ஆலயத்து அருங்காட்சியகத்தில் நிற்கிறது. 44-ஆம் எண் இஞ்சின் எங்கே போனது தெரியுமா? தமியா நிறுவனம் இருக்கும் அதே ஷிசுவோக்கா மாநிலத்தில், ஓய்காவா ரயில்பாதைக்கு. 2015-இல் அதற்குச் சிவப்பு வண்ணம் பூசி, முகம் வைத்து, குழந்தைகள் தொலைக்காட்சியில் பார்க்கும் தாமஸ் கதையின் ஜேம்ஸாக ஓட்டினார்கள். சின்னஞ்சிறுசுகள் கையசைத்தன. அந்தக் குழந்தைகளைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. சி-56 மாடலும் கடையில் கிடைக்கிறது, கதோ நிறுவனம் சின்ன ரயில் பாதையில் ஓடும்படி செய்திருக்கிறது.

சரி, பிள்ளை விடமாட்டேன் என்கிறானா? வாங்கிக் கொடுங்கள். ஜன்னலைத் திறந்து வைத்து ஒட்டச் சொல்லுங்கள். அந்தப் பசை பிளாஸ்டிக்கைக் கரைத்து ஒட்டுவது, அதன் ஆவி தலையைச் சுற்றும். கத்தியைத் தம்பி தங்கை கைக்கு எட்டாமல் வையுங்கள். அடைமழை நாளில் வண்ணம் பூச வேண்டாம், ஈரக்காற்றில் பாலாடை படிந்தது போல வெளுத்துவிடும்.

பிறகு மரங்கள். ரப்பர் மரம் செய்வதில் ஷிசுவோக்காக்காரனை விட நம் பிள்ளைக்கே அனுகூலம் அதிகம். பழைய மின்கம்பியின் செம்பிழைகளை முறுக்கி அடிமரம் ஆக்கி, மேலே பிரித்துக் கிளைகளாக்கி, பசையில் மரத்தூள் கலந்து பூசினால் பட்டை வரும். வெட்டுக்கோடு இடப்பக்கம் மேலே தொடங்கி வலப்பக்கம் கீழே சாய வேண்டும். தலைகீழாகப் போட்டுவிட்ட வெளிநாட்டுக்காரரின் மாடல் ஒன்றைப் படத்தில் பார்த்து நான் சிரித்திருக்கிறேன். மரங்கள் காட்டைப் போல நெருக்கமாக நிற்கக் கூடாது, நிரை பிடித்து நிற்க வேண்டும். மரத்துக்கு மரம் இருபது அடி என்று வைத்தால் மாடலில் 17 சென்டிமீட்டர். பால் மரம் வெட்டிய பாட்டியோ தாத்தாவோ வீட்டில் இருந்தால், விளக்கத்தாளை விட அவர்களையே கேட்கச் சொல்லுங்கள்.

என் சீஹாவுக்குப் பாட்டியே பின்கட்டுக்குப் போய்க் காய்ந்த பெரணி இலையைக் கிள்ளி வந்து கொடுத்தார். "இன்னும், இன்னும்" என்று சொல்லிக்கொண்டே பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். பீரங்கிக் குழாயின் நுனி மட்டும் வெளியே தெரியும் அளவுக்குக் கட்டிய பிறகுதான், "ஆமா, இப்படித்தான் வந்துச்சு" என்றார்.