சமுத்திர ஜலத்தில் கதிரியக்கம்

சிங்கப்பெருமாள் கோவிலிலிருந்து செங்கற்பட்டு சென்று, கிழக்கே திரும்பித் திருக்கழுக்குன்றத்தையும் தாண்டிப் போகிறவர், சதுரங்கப்பட்டினத்தை அடுத்துள்ள கல்பாக்கத்தில் கடலைக் காண்பார். 1984-ஆம் வருஷம் வணிகரீதியில் மின்சாரம் வழங்கத் தொடங்கிய சென்னை அணுமின் நிலையம், தன் உஷ்ணத்தைத் தணித்துக்கொள்ள அங்கேதான் சமுத்திர ஜலத்தை உள்வாங்கித் திரும்ப வெளிவிடுகிறது. எங்கள் ஊர்ப் பக்கம் விற்கும் மீனில் அந்தக் கரையில் பிடிபடுவதும் உண்டாகையால், அந்த நீரில் கரைந்திருப்பது என்ன, அதை அறிவது எப்படி என்ற கேள்வி எங்களுக்கு அந்நியமானதன்று.

கடல்நீர் மனிதன் தீண்டாத காலத்திலேயே கதிரியக்கம் உடையது. ஒரு லிட்டரில் பொட்டாசியம்-40 மாத்திரமே சுமார் 12 பெக்கரல், அதாவது விநாடிக்குப் பன்னிரண்டு அணுக்கள் சிதையும் அளவு, இருக்கிறது. சென்ற நூற்றாண்டின் அணுகுண்டுப் பரிசோதனைகள் உலகெங்கும் பரப்பிவிட்ட சீசியம்-137, முப்பது வருஷத்துக்கு ஒருமுறை பாதியாகக் குறைந்து குறைந்து, திறந்த சமுத்திரத்தில் இன்று லிட்டருக்கு ஒன்றிரண்டு மில்லிபெக்கரல் அளவே எஞ்சியிருக்கிறது. இயற்கையானதில் ஏறக்குறைய பத்தாயிரத்தில் ஒரு பங்கான இந்தச் சூக்ஷ்மத்தை, லிட்டருக்கு 35 கிராம் உப்பின் நடுவிலிருந்து பிரித்தெடுக்க வேண்டும். நீரைக் காய்ச்சி வற்றவைத்தால் உப்பு மலையாகக் குவியும். பொட்டாசியமும் கூடவே தங்கிவிடும்.

ஆகையால் ரசாயனத்தின் துணை அவசியமாகிறது. ஐம்பது நூறு லிட்டர் நீரைச் சேகரித்து, கரைந்த உலோகங்கள் பாத்திரத்தின் சுவரில் ஒட்டிக்கொள்ளாதபடி உடனே அமிலம் சேர்த்து, அளவு தெரிந்த சாதாரண சீசியத்தையும் கலந்து, பிறகு அம்மோனியம் பாஸ்போமாலிப்டேட் என்னும் மஞ்சள் தூளை இட்டுக் கலக்குவார்கள். அத்தூள் பொட்டாசியத்தைப் பெரும்பாலும் புறக்கணித்துச் சீசியத்தை மாத்திரம் பற்றிக்கொண்டு, இரவெல்லாம் அடியில் படியும். அந்த வண்டலை உலர்த்தி, தடித்த ஈயக் கூட்டுக்குள் குளிரூட்டப்பட்ட ஜெர்மானியம் கருவியின்மேல் வைத்து, காமாக் கதிர்களை ஒரு நாளோ அதற்கு மேலோ எண்ணுவார்கள். ஆதியில் கலந்த சீசியத்தில் எவ்வளவு திரும்பக் கிடைத்தது என்று பார்த்து, கைநழுவியதற்கும் கணக்குச் சொல்ல முடிகிறது.

கருவியைக் காட்டிலும் சேகரிப்பதே இதில் கடினமான வித்தை என்பது என் அபிப்பிராயம். கடலைக் குடம் குடமாகச் சுமந்து வருவதற்குப் பதிலாக, கடலையே ஒரு பொருளினூடே ஓடவிட்டு வேண்டியதை அதிலேயே தங்கச் செய்யும் யுக்தியை வளர்த்தவர்களுள் நம் தேசத்தார் முன்னணியில் நின்றார்கள். காசியில் பிறந்து, பம்பாய் டாடா ஆராய்ச்சி நிலையத்தில் பயின்ற தேவேந்திர லால், காஸ்மிக் கதிர்களால் உண்டாகும் அரிதினும் அரிதான சிலிக்கான்-32-ஐத் தேடிப் புறப்பட்டவர். டன் கணக்கில் நீர் வேண்டிய அந்தத் தேடலுக்காக, அவரும் அமெரிக்கரான ஜேம்ஸ் ஆர்னால்டும் பி. எல். கே. சோமயாஜுலுவும், இயற்கையான கடற்பஞ்சில் இரும்பு ஹைட்ராக்ஸைடைப் பூசிக் கடலுக்குள்ளேயே இறக்கும் முறையை 1964-இல் வெளியிட்டார்கள். 1972-இல் எஸ். கிருஷ்ணசுவாமி முதலியோர் பஞ்சுக்குப் பதிலாகச் செயற்கை நாரைக் கொண்டு, ரேடியம், தோரியம் ஆகியவற்றையும் பிடித்தார்கள். மறு வருஷமே அமெரிக்காவில் வில்லர்ட் மூர் மாங்கனீஸ் ஏற்றிய நாரினால் ரேடியத்தைத் திரட்டினார். அந்த நார் இன்றும் உலகின் ஆய்வுக் கப்பல்களில் வழங்கிவருகிறது. செம்பு பெர்ரோசயனைடு ஏற்றிய நாரினூடே ஆயிரம் லிட்டர் நீரைச் செலுத்திச் சீசியத்தைப் பிடிக்கும் முறையும் இந்த வம்சத்தைச் சேர்ந்ததே. இரண்டு நார்ச் சுருள்களை ஒன்றன்பின் ஒன்றாக வைத்து, முதலாவதில் தப்பியது இரண்டாவதில் எவ்வளவு அகப்பட்டது என்று பார்த்தால், பிடிக்கும் திறன் தானே புலப்பட்டுவிடும்.

எல்லாக் கதிரியக்கப் பொருளுக்கும் இதே வழி போதாது. ஸ்ட்ரான்ஷியம்-90-ஐ அளக்க, அதைப் பிரித்தபின், அதிலிருந்து யிட்ரியம் பிறந்து நிறையும்வரை இரண்டு வாரம் பொறுத்திருக்க வேண்டும். கல்பாக்கத்தைப் போன்ற கனநீர் உலைகளில் பிறக்கும் டிரிட்டியமோ நீரின் அங்கமாகவே இருப்பதால் எந்த நாரிலும் ஒட்டாது. நீரை வடித்து, ஒளிரும் திரவத்தில் கலந்துதான் எண்ண வேண்டும்.

கல்பாக்கத்தில் உலை இயங்குவதற்கு முன்பே சுற்றுச்சூழல் ஆய்வுக்கூடம் அமைந்தது பெரிய பாக்கியம். முன்னிருந்த நிலை தெரிந்தாலன்றிப் பின்வந்த மாறுதலை நிர்ணயிக்க இயலாது. ஆனால் வரம்புக்கு உட்பட்டது என்ற ஒற்றை வாக்கியம் குப்பத்து ஜனங்களுக்குப் போதாது. எந்த இடத்து நீர், எந்தத் தேதி, எத்தனை மில்லிபெக்கரல், பிழை எவ்வளவு என்ற விவரங்களைத் தமிழில் அச்சிட்டு, சதுரங்கப்பட்டினத்திலும் புதுப்பட்டினத்திலும் பஞ்சாயத்து அலுவலக வாசலில் வருஷந்தோறும் ஒட்டிவைக்க வேண்டும் என்று சம்பந்தப்பட்டவர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.