உஷார்! சித்திரை பிறந்த பிறகு ரெட் ஓக் மரத்தில் கத்தி வைக்காதீர்கள்

கையில் ரம்பம் இருக்கிறதா? முதலில் அதைக் கீழே வையுங்கள். வெட்டுவதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள்.

அமெரிக்காவில் மிச்சிகன், விஸ்கான்சின், மினசோட்டா பக்கம் வீடு வாங்கி, கொல்லையில் பெரிய ஓக் மரம் நிற்கிறதே என்று பூரித்துப் போயிருக்கும் நம் பிள்ளைகளுக்காகத்தான் எழுதுகிறேன். பேரப்பிள்ளைகளைப் பார்க்க ஊரிலிருந்து ஆறு மாதம் வந்து தங்கும் அம்மா அப்பாக்களுக்காகவும்தான். முக்கியமாக, சும்மா உட்கார்ந்திருக்க முடியாத அப்பாக்களுக்காக!

டெட்ராய்ட் பக்கத்தில் ஒரு புறநகர். பெயர் எதுவும் வேண்டாம். மகன் வீட்டுக்கு அப்பா வந்திருந்தார். தஞ்சாவூர்ப் பக்கத்து விவசாயி. மே மாதம், பனி விட்டு மண் இளகியிருந்தது. கொல்லையில் வெண்டையும் கீரையும் போடப் பாத்தி கட்டினார். பாத்திக்கு வெயில் விழாமல் ரெட் ஓக்கின் இரண்டு கிளைகள் மறைத்தன. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் இரண்டையும் அறுத்துப் போட்டார். கை பருமன்தான் இருக்கும்.

ஊரில் செய்வதைத்தான் செய்தார், பாவம். முருங்கையை ஒடித்தால் தழைக்கும். வேம்பைக் கழித்துவிட்டால் தழைக்கும். பூவரசங்கிளையை வெட்டி நட்டால் அதுவே மரமாகும். வெட்டினால் மரம் சாகும் என்று அவருக்கு யார் சொல்லியிருக்கிறார்கள்?

வெண்டை முளைத்தது. மரமும் நன்றாகத்தான் நின்றது. ஜூலை கடைசியில் ஒருநாள் காலை, பாத்தியெல்லாம் இலை கொட்டிக் கிடந்தது. இலையுதிர்காலத்துக்கு இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது. ஒவ்வோர் இலையும் நுனியில் பழுப்பு, காம்புப் பக்கம் பச்சை. தண்ணீர் போதவில்லையோ என்று இரவும் பகலும் குழாயைத் திறந்து விட்டார்கள். பத்து நாளில் உச்சி மொட்டை. ஆகஸ்ட் முடிவதற்குள் மரமே மொட்டை.

அறுபது அடி மரம். ஒரு மாதம்கூடத் தாங்கவில்லை!

இதோடு முடிந்திருந்தாலாவது பரவாயில்லை. அடுத்த கோடையில் வேலிக்கு அந்தப் பக்கம், பக்கத்து வீட்டுக்காரரின் ஓக்கும் வாட ஆரம்பித்தது. மரத்தை இறக்க ஆயிரக்கணக்கான டாலர் போனது. முகம் கொடுத்துப் பேசிக்கொண்டிருந்த அண்டை வீட்டு உறவும் போனது. ஊருக்குத் திரும்பிவிட்ட அந்த அப்பா இன்றும் போன் போட்டால் மரத்தைப் பற்றித்தான் முதலில் கேட்கிறாராம்.

இந்தக் கொடுமைக்குப் பெயர் ஓக் வில்ட். ஓக் வாடல் நோய். ஒரு பூஞ்சை செய்கிற வேலை. 1944இல் விஸ்கான்சினில் இதை அடையாளம் கண்டார்கள். இன்று அமெரிக்காவின் பல மாநிலங்களில் இருக்கிறது. 2023இல் கனடாவின் ஒன்ராறியோவிலும் கண்டுபிடித்துவிட்டார்கள். ஆகவே டொரன்டோ பக்கத்து உறவுகளே, நீங்களும் உஷார்!

வெட்டுக்காயத்தின் வாசனைக்குச் சாறு குடிக்கும் சின்னஞ்சிறு வண்டுகள் வந்துவிடும். நாள் கணக்கில் அல்ல, நிமிடக் கணக்கில். வேறெங்கோ செத்த ஓக் மரத்தின் பூஞ்சை வித்துகள் அவற்றின் உடம்பில் ஒட்டியிருக்கும். பச்சைக் காயத்தில் வண்டு உட்கார்ந்ததும் பூஞ்சை உள்ளே இறங்கும். அதைத் தடுக்கப் பார்த்து, மரம் தன் தண்ணீர்க் குழாய்களைத் தானே அடைத்துக்கொள்ளும். வேரடியில் எவ்வளவு தண்ணீர் ஊற்றினாலும் உச்சிக்கு ஏறாது. தாகத்தால் சாகிறது மரம்.

வாட ஆரம்பித்த ரெட் ஓக்கைப் பிழைக்க வைக்க மருந்து கிடையாது.

பக்கத்தில் நிற்கும், இன்னும் நோய் தொடாத மரத்துக்கு முன்கூட்டியே ஊசி வழியாகப் பூஞ்சைக்கொல்லி ஏற்றலாம். அது காப்பு மட்டும்தான். வாடிவிட்ட மரத்துக்கு அதை ஏற்றுகிறேன் என்று யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

உங்கள் வீட்டில் நிற்பது எந்த ஓக் என்று தெரியுமா? இலையைப் பறித்துப் பாருங்கள். மடல்களின் முனை முள் மாதிரிக் கூர்மையாக, மெல்லிய மயிரிழையோடு முடிந்தால் அது ரெட் ஓக் வகை. பின் ஓக், பிளாக் ஓக் எல்லாம் இந்தக் குடும்பம்தான். மடல்கள் விரல் நுனிபோல உருண்டிருந்தால் வைட் ஓக் வகை. அதற்கும் இந்த நோய் வரும், ஆனால் மெதுவாகத்தான் பரவும். சில மரங்கள் பிழைத்தும் விடும். ரெட் ஓக்குக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

சரி, எந்த மாதம் ஆபத்து? மிச்சிகனில் ஏப்ரல் 15 முதல் ஜூலை 15 வரை ஓக்கைத் தொடவே கூடாது என்கிறார்கள். நம் கணக்கில் நினைவு வைத்துக்கொள்வது எவ்வளவு சுலபம் பாருங்கள்! சித்திரை, வைகாசி, ஆனி. வருஷப் பிறப்புக்குப் பாயசம் வைக்கும்போதே ரம்பத்தை எடுத்துப் பூட்டிவிடுங்கள். ஆடி பிறந்தாலும் அவசரம் வேண்டாம். பனி கொட்டும் நவம்பர் முதல் மார்ச் வரை கழிப்பதுதான் நிம்மதி. டெக்சாஸில் இருப்பவர்களுக்கு வேறு கணக்கு. அங்கே பிப்ரவரி தொடக்கம் முதல் ஜூன் முடிய ஆபத்து. அந்த ஊரில் எந்த மாதம் வெட்டினாலும் காயத்துக்குப் பெயின்ட் அடித்தே ஆக வேண்டும்.

கிளை வெட்டுவது மட்டும் காயமல்ல. புல்வெட்டும் இயந்திரம் அடிமரத்தில் இடித்துப் பட்டை பெயர்ந்தால் காயம். குழந்தைக்கு ஊஞ்சல் மாட்டத் துளை போட்டால் காயம். கிராஜுவேஷன் பார்ட்டிக்குக் கொல்லையில் பந்தல் போடும்போது இடிக்கிற கிளையை ஒடித்தால் காயம். அந்தப் பார்ட்டிகள் வருவதும் சரியாக மே, ஜூனில்தான்!

புயல் வந்து கிளை முறிந்தால் என்ன செய்வது? ஓடுங்கள். சுவருக்கு அடிக்கிற சாதாரண லேடெக்ஸ் பெயின்ட் போதும். உடனே பூசுங்கள். சாப்பிட்டுவிட்டு வந்து பூசலாம் என்று இருக்காதீர்கள். வண்டு அதுவரை காத்திருக்காது. மரத்தையே வெட்டியிருந்தாலும் அடிக்கட்டைக்கும் பூச வேண்டும்.

இந்த அறிகுறிகளில் ஒன்றைப் பார்த்தாலும் அலட்சியம் வேண்டாம். நடுக்கோடையில் இலை கொட்டுகிறதா? பாதி பச்சையாகவே விழுகிறதா? நுனியிலிருந்தும் ஓரத்திலிருந்தும் வெண்கல நிறம் உள்நோக்கிப் பரவுகிறதா? வாட்டம் உச்சியில் தொடங்கிக் கீழே இறங்குகிறதா? போன வருஷம் செத்த ஓக்கின் பட்டை வெடித்து, உள்ளிருந்து அழுகின பழ வாசனை வருகிறதா? கடைசியாகச் சொன்னதுதான் இருப்பதிலேயே மோசம். பட்டைக்கடியில் பூஞ்சை மெத்தை விரித்து, வண்டுகளை அழைக்கிறது என்று அர்த்தம்.

பயத்தில் மரத்தை உடனே வெட்டிவிடாதீர்கள்! ஆச்சரியமாக இருக்கும், ஆனால் உண்மை. பக்கத்துப் பக்கத்து ஓக் மரங்களின் வேர்கள் மண்ணுக்கடியில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருக்கும். நோய் அந்த வழியாகத்தான் வேலி தாண்டிப் போகிறது. மரத்தை முதலில் சாய்த்தால் நோய் வேர் வழியே இன்னும் வேகமாக அடுத்த மரத்துக்குப் போகலாம். முதலில் இரண்டு மரங்களுக்கும் நடுவில் சுமார் ஐந்தடி ஆழத்துக்குப் பள்ளம் வெட்டி வேர்த்தொடர்பை அறுக்க வேண்டும். பிறகுதான் மரம். இதெல்லாம் முறையாகச் சான்று பெற்ற ஆர்பரிஸ்ட், அதாவது மரப் பராமரிப்பு நிபுணர், பார்த்துச் செய்ய வேண்டிய வேலை. வாடிய கிளையை ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பி நோய்தானா என்று உறுதி செய்துகொள்ளவும் அவரே வழி சொல்வார்.

மே மாதத்தில் லாரியோடு வந்து கதவைத் தட்டி, "இன்றைக்கே வெட்டித் தருகிறேன், பாதி விலை" என்பவரை மரத்தின் பக்கம்கூட விடாதீர்கள். ஓக்கா என்று கேட்காமல் ரம்பத்தை எடுப்பவருக்குத் தொழில் தெரியாது.

வெட்டிய விறகு? யாருக்கும் கொடுக்காதீர்கள். கேம்ப்பிங் போகும் நண்பரின் காரில் ஏற்றிவிடாதீர்கள். அந்தக் கட்டைகளில் அடுத்த வசந்தத்தில் பூஞ்சை மெத்தை கிளம்பும். நீங்கள் அன்பாகக் கொடுத்த விறகு இன்னோர் ஊரின் மரங்களைக் கொல்லும். பட்டையை உரித்துவிடுங்கள். முடியாவிட்டால் பிளாஸ்டிக் தாளால் மூடி, ஓரங்களை மண்ணுக்குள் புதைத்துவிடுங்கள்.

இன்று மாலை ஒரு நடை கொல்லைக்குப் போய் இலையைப் பாருங்கள். முனை கூர்மையாக இருந்தால் வீட்டில் எல்லாருக்கும் சொல்லிவையுங்கள். அடுத்த மாதம் விமானம் ஏறப் போகும் அப்பாவுக்கு இன்றைக்கே ஒரு போன் போட்டுச் சொல்லிவிடுங்கள்.