புழுவுக்குள்ளேயே இருந்த சிறகு

முழுப்பரீட்சை லீவில் சென்னைப் புறநகரான அனகாபுத்தூரின் காலி மனைகளில் புல்லெல்லாம் காய்ந்து சருகாகிவிடும். எருக்கு மட்டும் தடித்த இலைகளோடு பச்சையாக நிற்கும். தெருவில் தறிச் சத்தம் கேட்டுக்கொண்டிருக்க, பிள்ளைகள் நாங்கள் அந்த எருக்கஞ்செடிகளை இலை இலையாகப் புரட்டுவோம். கறுப்பு, வெள்ளை, மஞ்சள் என்று வளையம் வளையமாக நிறம் பூசிய புழு ஒன்று இலையின் அடியில் ஒட்டியிருக்கும். முதுகில் மூன்று ஜோடிக் கறுப்பு இழைகள் நீட்டிக்கொண்டிருக்கும். இலையோடு கிள்ளி ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டு, வாயில் பழந்துணியைக் கட்டித் திண்ணையில் வைப்போம்.

"எருக்கம்பாலு கண்ணுல பட்டா பார்வையே போயிடும், போய் கைய கழுவுங்கடா" என்று ஆயா விரட்டுவார். அவர் பயந்ததில் நியாயம் உண்டு. எருக்கம்பால் கண்ணில் பட்டால் கருவிழியையே பாதிக்கக்கூடியது.

புழுவுக்கு இலை தின்பதைத் தவிர வேறு வேலை கிடையாது. தினமும் புது இலை போட வேண்டும், எச்சத்தைத் தட்டிக் கொட்ட வேண்டும். ஒருநாள் திடீரென்று தின்பதை நிறுத்தியது. துணிக்கு அடியில் ஏறி, பின்னங்கால்களால் பிடித்துக்கொண்டு தலைகீழாக வளைந்து தொங்கியது. மறுநாள் பார்த்தால் புழு இல்லை. இளம்பச்சையாக ஒரு கூட்டுப்புழு தொங்கியது, அதன் மேல் தங்கப் புள்ளிகள். ஒரு வாரத்துக்கு மேல் ஓர் அசைவும் இல்லை. பிறகு ஒரு விடியலில் கூட்டின் மேல்தோல் கண்ணாடியாகி, உள்ளே ஆரஞ்சு நிறச் சிறகு தெரிந்தது. வெயில் ஏறுவதற்குள் தோல் பிளந்து, பருத்த வயிறும் பிழிந்து போட்ட துணி போன்ற சிறகுமாக அது வெளியே வந்தது. சிறகு விரிந்துகொண்டிருக்கையில் சிவந்த துளி ஒன்று சொட்டியது. ரத்தம் என்று நினைத்துத் தங்கை அழுதேவிட்டாள். அழுகை நின்றதும் அவள் கேட்டது இதுதான்: "அந்தப் புழு செத்துப்போச்சா, இல்ல அதுதான் இதுவா?"

அது சின்னக் கேள்வி அல்ல. முந்நூற்றைம்பது ஆண்டுகளாக உயிரியலாளர்கள் விடை தேடிவரும் கேள்வி.

எருக்கை உண்ணத் தெரிந்த உயிர்

அன்று பாட்டிலில் இருந்தது வெந்தய வரியன். அறிவியல் பெயர் டானஸ் கிரிசிப்பஸ். ஆப்பிரிக்காவிலிருந்து ஆசியா வரை வெயில் நாடுகளில் சாதாரணமாகப் பறக்கும் பட்டாம்பூச்சி இது. எகிப்தில் சுமார் 3,400 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த நெபாமுன் என்ற அதிகாரியின் கல்லறைச் சுவரோவியத்தில், நாணல் புதர்களுக்கு மேலே பறப்பது இந்த இனம்தான் என்று பூச்சியியலாளர்கள் அடையாளம் கண்டிருக்கிறார்கள். அந்த ஓவியம் இப்போது லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

தாய்ப் பூச்சி எருக்கிலையின் அடியில் ஒற்றை ஒற்றையாக முட்டை வைக்கிறது. சில நாட்களில் வெளிவரும் புழு முதலில் தன் முட்டை ஓட்டையே தின்கிறது. அதன் பிறகு முழுக்க எருக்கும் அதன் உறவுச் செடிகளும்தான். ஆடு மாடுகள் ஒதுக்கும் இலையை இது எப்படித் தின்கிறது? எருக்கம்பாலில் கார்டினோலைடு என்னும் நஞ்சு வகை இருக்கிறது. உயிரணுக்களில் சோடியத்தை வெளியேற்றும் புரதத்தை அது முடக்கும். அளவு மிஞ்சினால் இதயத் துடிப்பே தாறுமாறாகும். டானஸ் பேரினப் பூச்சிகளில் அந்தப் புரதத்தின் வடிவம் சிறிது மாறியிருப்பதால் நஞ்சு அதில் சரியாகப் பற்றுவதில்லை. பால் மிகுந்து பீறிட்டால் வாய் ஒட்டிக்கொள்ளும் ஆபத்தும் இருக்கிறது. அதற்காகப் புழு முதலில் இலை நரம்பைக் கடித்து அறுத்துப் பால் வரும் வழியை அடைக்கிறது. அதற்கு அப்பால் உள்ள பகுதியைத்தான் தின்னத் தொடங்குகிறது.

தின்ற நஞ்சு வீணாவதில்லை. உடலில் சேர்ந்து, கூட்டுப்புழுப் பருவத்தையும் கடந்து, பட்டாம்பூச்சியின் சிறகு வரை போகிறது. 1960-களில் அமெரிக்க உயிரியலாளர் லிங்கன் பிரவர், இதன் உறவினமான மானார்க் பட்டாம்பூச்சியை நீல ஜே பறவைகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். தின்ற பறவை சிறிது நேரத்தில் வாந்தி எடுத்தது. அடுத்த முறை அந்தப் பூச்சியைத் தொடவே மறுத்தது. வெந்தய வரியனின் ஆரஞ்சு நிறமும் அதே எச்சரிக்கைதான். நஞ்சில்லாத வேறொரு பட்டாம்பூச்சியின் பெண், ஹைபோலிம்னாஸ் மிசிப்பஸ், இந்த நிறத்தையும் வடிவத்தையும் அப்படியே போர்த்திக்கொண்டு பறவைகளிடமிருந்து தப்பிக்கிறது.

ஆக, பட்டாம்பூச்சிக்குக் காவலாக நிற்பது அது புழுவாக இருந்தபோது தின்ற இலை. தங்கையின் கேள்விக்கு முதல் பதில் இங்கேயே கிடைத்துவிடுகிறது. புழு முழுவதும் போய்விடவில்லை.

கூட்டுக்குள் கூழா?

கூட்டுக்குள் புழு முழுக்கக் கரைந்து கூழாகி, அந்தக் கூழிலிருந்து பட்டாம்பூச்சி உருவாகிறது என்று பலரும் சொல்லக் கேட்டிருப்போம். பாதி உண்மை. புழுவின் தசைகளில் பெரும்பகுதியும் செரிமான மண்டலத்தின் பழைய திசுக்களும் சிதைக்கப்பட்டு, புதிய உறுப்புகளுக்கு உணவாகின்றன. ஆனால் எல்லாம் கரைவதில்லை.

இதை முதலில் கண்முன் காட்டியவர் நெதர்லாந்தின் யான் ஸ்வாமர்டாம். 1669-ல் வெளிவந்த அவருடைய நூல், புழு செத்து அதிலிருந்து வேறொரு உயிர் பிறக்கிறது என்ற பழைய நம்பிக்கையை மறுத்தது. வளர்ந்த புழுவின் தோலைக் கவனமாக உரித்து, அதற்கடியில் மடிந்து கிடக்கும் சிறகுகளை அவர் பார்வையாளர்களுக்குக் காட்டினார். இன்றைய உயிரியலும் அதை உறுதிப்படுத்துகிறது. சிறகாகப் போகும் உயிரணுக் கொத்துகள் புழுவின் மார்புப் பகுதிக்குள்ளேயே சிறு பைகளாக இருக்கின்றன. புழு இலை தின்று வளரும்போது அவையும் வளர்கின்றன.

2013-ல் பிரிட்டிஷ் ஆய்வாளர்கள், நம் ஊரிலும் காணப்படும் வனெசா கார்டுயி என்ற பட்டாம்பூச்சியின் உயிருள்ள கூட்டுப்புழுக்களை எக்ஸ்ரே சிடி ஸ்கேனில் நாள்தோறும் படமெடுத்தார்கள். ஒரே உயிரை வெட்டாமல் கொல்லாமல் உள்ளே பார்த்தபோது, மூச்சுக்குழல்கள் தொடக்கத்திலிருந்தே ஒழுங்காக இருப்பது தெரிந்தது. குடல் வடிவம் மாறியது, மூச்சு அமைப்பு தொடர்ந்தது. எல்லாம் அழிந்து எல்லாம் புதிதாகப் பிறக்கும் இடமல்ல அது. ஓர் உடல் உயிரோடு இருந்தபடியே தன்னைத் திருத்திக்கொள்ளும் இடம்.

தங்கப் புள்ளிகளில் தங்கமும் இல்லை, மஞ்சள் சாயமும் இல்லை. மேல்தோலில் ஒன்றின்மேல் ஒன்றாகப் படிந்த மிக மெல்லிய அடுக்குகளில் ஒளி பட்டுத் திரும்பும்போது பிறக்கும் பளபளப்பு அது. பட்டாம்பூச்சி வெளியேறி ஓடு உலர்ந்ததும் மறைந்துவிடுகிறது. சிவந்த துளியும் ரத்தமல்ல. கூட்டுக்குள் நடந்த மாற்றத்தில் மிஞ்சிய கழிவைத்தான் பூச்சி வெளியேற்றுகிறது.

அரை டன் பட்டுப்புழுவும் ஒரு செய்தித்தாளும்

எப்போது தின்பதை நிறுத்த வேண்டும், எப்போது தொங்க வேண்டும் என்று புழுவுக்கு யார் சொல்கிறார்கள்? அதன் ஹார்மோன்கள். தோலுரிக்கச் சொல்லும் ஹார்மோன் எக்டைசோன். 1954-ல் ஜெர்மனியில் புடேனான்ட்டும் கார்ல்சனும் அரை டன் பட்டுக் கூட்டுப்புழுக்களிலிருந்து அதைப் பிரித்தெடுத்தார்கள். கடைசியில் கையில் மிஞ்சியது வெறும் 25 மில்லிகிராம் படிகம்.

இரண்டாவது, இளமை ஹார்மோன். அது உடலில் இருக்கும்வரை, எக்டைசோன் தோலுரிக்கச் சொன்னாலும் புழு மறுபடி பெரிய புழுவாகத்தான் மாறும். கடைசிப் புழுப்பருவத்தில் இளமை ஹார்மோன் வற்றிய பின் எக்டைசோன் வரும்போதுதான் கூட்டுப்புழு உருவாகிறது.

1960-களில் கரேல் ஸ்லாமா என்ற செக் விஞ்ஞானி, பிராகிலிருந்து சிவப்பு நாவாய்ப்பூச்சிகளை அமெரிக்காவின் ஹார்வர்டுக்குக் கொண்டுபோனார். அங்கே அவை முதிர்ந்த பூச்சியாகவே மாறவில்லை. தோலுரித்து இன்னும் பெரிய குஞ்சுகளாகி, அப்படியே இறந்தன. காரணத்துக்கான தேடல், வளர்ப்புக் கூண்டில் விரித்த காகிதத்தில் போய் நின்றது. அமெரிக்கச் செய்தித்தாள்களை விரித்தால் மாற்றம் நின்றது; லண்டன் டைம்ஸை விரித்தால் ஒழுங்காக நடந்தது. அமெரிக்கக் காகிதம் செய்யப் பயன்பட்ட பால்சம் ஃபர் மரத்தில், இளமை ஹார்மோனைப் போலவே வேலை செய்யும் பொருள் ஒன்று இருந்தது. ஸ்லாமாவும் கரோல் வில்லியம்ஸும் 1965-ல் இதை வெளியிட்டார்கள். இந்த வழியில் நடந்த ஆய்வுகள்தான் பின்னாளில் கொசுப்புழு கொசுவாக மாறாமல் தடுக்கும் மெத்தோப்ரீன் போன்ற மருந்துகளுக்கு வழிவிட்டன.

பட்டாம்பூச்சிக்குப் புழுப்பருவம் நினைவிருக்குமா?

உடல் தொடர்கிறது, சரி. நினைவு? 2008-ல் அமெரிக்காவின் ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகத்தில் பிளாக்கிஸ்டன், கேசி, வைஸ் மூவரும் புகையிலை அந்துப்பூச்சியின் புழுக்களுக்கு ஒரு குறிப்பிட்ட வாசனையையும் சிறு மின்னதிர்ச்சியையும் சேர்த்துக் கொடுத்தார்கள். புழுக்கள் அந்த வாசனையைக் கண்டாலே விலகப் பழகின. கூட்டுப்புழுவாகி, அந்துப்பூச்சியாக வெளிவந்த பிறகு அதே வாசனையைக் காட்டினார்கள். கடைசிப் புழுப்பருவத்தில் பழகியவற்றில் பெரும்பாலானவை அப்போதும் விலகின. அதற்கு முந்தைய இளம் பருவத்தில் பழகியவற்றிடம் அந்த நினைவு தங்கவில்லை. உடலில் ஒட்டியிருந்த வாசனைதான் காரணமோ என்றும் சோதித்துப் பார்த்து, இல்லை என்று உறுதி செய்தார்கள்.

எல்லாப் பூச்சிக்கும் இது பொருந்துமா என்பது வேறு விஷயம். ஜேம்ஸ் ட்ருமன் குழுவினர் 2023-ல் பழ ஈயின் மூளையில் நினைவைத் தாங்கும் பகுதியை நரம்பு நரம்பாகப் பின்தொடர்ந்தார்கள். கூட்டுப்பருவத்தில் அந்த இணைப்புகள் பிரிந்து, நரம்புகள் வேறு வேலைக்குப் போய்விடுவதால், புழுவின் நினைவு தங்க அங்கே வழி இருப்பதாகத் தெரியவில்லை. மூளையில் எந்தப் பகுதி எப்போது வளர்கிறது என்பதைப் பொறுத்து, ஒரு பூச்சிக்கு எட்டுவது இன்னொன்றுக்கு எட்டாமல் போகலாம்.

பூ மட்டும் போதாது

ஒரு பூச்சியின் வாழ்வை இரண்டாக வெட்ட முடியாது என்பதுதான் இத்தனை ஆய்வும் சேர்ந்து சொல்வது. சிறகு புழுவிடமே இருந்தது. நஞ்சுக் காவல் புழு சேர்த்தது. சில இனங்களில் நினைவும் புழுவிடமிருந்தே வந்தது. பதினேழாம் நூற்றாண்டில் ஜெர்மனியில் பிறந்த மரியா சிபில்லா மெரியன் இதை ஓவியமாகவே புரிய வைத்தார். ஒவ்வொரு பட்டாம்பூச்சியையும் அதன் முட்டை, புழு, கூட்டோடும், புழு தின்னும் செடியோடும் சேர்த்தே ஒரே தாளில் வரைந்தார். 1699-ல் பூச்சிகளைப் படிப்பதற்காகவே தென் அமெரிக்காவின் சூரினாமுக்குக் கப்பலேறி, 1705-ல் அந்த ஓவியங்களை நூலாக்கினார்.

நம் பூங்காக்களோ பட்டாம்பூச்சிக்காகப் பூச்செடி மட்டும் நடுகின்றன. பூ பறக்கும் பூச்சிக்குத் தேன் தரும், புழுவுக்குச் சோறு போடாது. வெந்தய வரியனுக்கு எருக்கு வேண்டும். கறிவேப்பிலை அழகிக்குக் கறிவேப்பிலையும் எலுமிச்சையும் வேண்டும். வெண்புள்ளிக் கருப்பனுக்கு அரளி வேண்டும். 2021-லிருந்து அனகாபுத்தூரும் பம்மலும் பல்லாவரமும் தாம்பரம் மாநகராட்சிக்குள் வந்துவிட்டன. காலி மனைகள் வீடுகளாகின்றன; மிஞ்சியவற்றைச் சுத்தம் செய்யும்போது முதலில் வெட்டுப்படுவது எருக்குதான். விநாயகர் சதுர்த்திக்கு மாலையாகப் போடும் செடியை மற்ற நாட்களில் களை என்று சாய்த்துவிடுகிறோம்.

பள்ளிச் சுவரோரத்திலும் பூங்கா மூலையிலும் ஓர் எருக்கஞ்செடியை விட்டுவைக்கலாம். குழந்தைகள் எட்டிப் பறிக்காதபடி வேலி போட்டால் போதும். கோடை விடுமுறையில் பெரியவர் ஒருவர் கையுறையோடு புழுவையும் இலையையும் எடுத்துக் கொடுக்கட்டும். காற்றோட்டமுள்ள பாட்டிலில் தினம் புது இலை போட்டு, எச்சத்தை நீக்கி, கூடு தொங்கத் தொடங்கியதும் தொடாமல் விட்டுவிட வேண்டும். வெளிவந்த பூச்சியின் சிறகு முழுதாக உலர்ந்ததும், எடுத்த செடியருகிலேயே பறக்கவிட வேண்டும். வெயில் காலத்தில் முட்டையிலிருந்து சிறகு வரை எல்லாம் சுமார் மூன்று நான்கு வாரங்களில் முடிந்துவிடும். ஒரு லீவுக்குள் ஒரு முழு வாழ்க்கையைக் குழந்தை தொடக்கத்திலிருந்து பார்த்துவிடலாம்.

அப்படிப் பார்த்த குழந்தைக்குப் பட்டாம்பூச்சியைப் பிடிக்கும் என்பதில் வியப்பில்லை. அதற்குப் புழுவையும் பிடிக்கும், எருக்கையும் வெட்டவிடாது. சென்னையின் தென்கோடிப் புறநகர்களில் பட்டாம்பூச்சிகள் நிலைத்திருக்க இதைவிட உறுதியான வழி எனக்குத் தெரியவில்லை.